வெள்ளை விழும் இடம்

பேப்பரை விரித்தால் நான் முதலில் பார்ப்பது மேட்டூர் அணையின் நீர்மட்டம். மற்றச் செய்தி எல்லாம் அதற்குப் பிறகுதான். மாரக்காள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கேட்பதற்கு ஆள் இல்லை. ஆனாலும் அந்த எண்ணைக் கண்டதும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். மருமகள் ஆரம்பத்தில் பயந்தாள். இப்போது அடுப்படியிலிருந்தே "சரிங்க மாமா" என்கிறாள்.

மாரக்காள் என் மனைவி. என் தாய்மாமன் சின்னண்ணனின் ஒரே மகள். அணையின் கிழக்குக் கரையில் அவர்கள் ஊர். மாமன் பரிசலில் மீன் பிடித்தவர். நான் ஜலகண்டாபுரத்தில் கூலித்தறியில் வளர்ந்தவன். எட்டாவது வரை படிப்பு, அதற்குப் பிறகு தறிக்குழி. தண்ணீர் என்றால் எனக்குக் குடத்தில் இருப்பதுதான். மாமனுக்கு ஆண் வாரிசு இல்லாததால் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவர்கள் ஊருக்கே போய்விட்டேன்.

அந்தக் கரையில் ஒரு பரிசலுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போவதுதான் வழக்கம். பெண் துடுப்புப் போடுவாள், ஆண் வலை விடுவான். முதல் நாள் என்னை ஏற்றி உட்காரவைத்தபோது நான் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அதைய புடிச்சா அது உங்களப் புடிக்காது. தறியில உக்காந்தாப்பல சும்மா உக்காருங்க" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. போகப்போக ஒரு வேலைப் பிரிவு தானாக அமைந்தது. டீக்கடைப் பேப்பரில் நீர்மட்டம் பார்த்து வந்து நான் எண் சொல்வேன். பேப்பரில் வருவது முந்தின நாள் மட்டம். மேலே வரத்து எவ்வளவு என்று பார்த்துக் கூட்டியோ குறைத்தோ சொல்ல வேண்டும். அவள் காற்றைச் சொல்வாள். விடியும்போது மேற்கே பாலமலை மேல் மேகம் இறங்கி உட்கார்ந்திருந்தால் வெயில் ஏறும் நேரத்துக்குக் காற்று கிளம்பிவிடும். மலை வழித்து விட்டதுபோல் சுத்தமாக இருந்தால் மத்தியானம் வரை தண்ணீர் சும்மா கிடக்கும். என் எண்ணும் அவள் காற்றும் சேர்ந்தால், எந்த இடத்தில் எவ்வளவு அலை விழும் என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே எங்களுக்குத் தெரியும். கரையில் மற்ற பரிசல்காரர்கள் எங்கள் பரிசல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தள்ளுவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைப்பானேன்.

அணை கட்டியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போனது. அம்மனை மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாறை மேல் நின்ற விளக்குத்தூணைப் பெயர்க்க முடியாமல் அங்கேயே விட்டார்கள். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் அந்தத் தூணுக்கு ஒரு மாலை போய்ச் சேர வேண்டும். தண்ணீர் வற்றியிருந்தால் நடந்துபோய்ப் போடலாம். அணை நிறைந்திருந்தால் அந்த இடத்துக்கு மேலே மிதக்கவிட்டு வந்தாலும் ஆத்தா ஏற்றுக்கொள்வாள். சிக்கல் நடுவில்தான். தொண்ணூறு அடியில் தூணின் தலை நனையும். தலை ஒரு முழத்துக்குள் முழுகியிருக்கும் வருடங்களில் மாலை தூணில் மாட்டி நிற்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதே மட்டத்தில்தான் அங்கே அலையும் வெள்ளையாக உடையும்; அந்த வெள்ளையை வைத்துத்தான் தூண் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்வார்கள். மாலை நிற்பதைக் கரையிலிருந்து பார்த்த பிறகுதான் பொங்கல் பானைக்கு நெருப்பு வைப்பார்கள்.

மாலைப் பரிசலுக்குத் துடுப்புப் போடும் உரிமை மாமன் வீட்டுக்கு இருந்தது. எமர்ஜென்சி முடிந்த அந்த வருடம் பங்குனியில் மாமன் தவறிவிட்டார். ஆடி பிறந்ததும் அவருடைய அண்ணன் மகன் அங்கமுத்து, உரிமை தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் காளியண்ணனிடம் கேட்டுவிட்டான். ஒரு தரம் கை மாறினால் திரும்பி வராது. மாரக்காள் அதைக் கேள்விப்பட்ட நாளில் சோறு தின்னவில்லை. "எங்கப்பனுக்கு நான் கொள்ளி வெக்கல மாமா, அங்கமுத்துதான் வெச்சான். சரின்னு உட்டேன். இதையும் உட்டா நான் அவருக்கு மகளே இல்லைன்னு ஆயிரும்" என்றாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் கோயில் முன்னால் கூட்டம். அன்றைய பேப்பரில் தொண்ணூறரை. வரத்தைக் கூட்டிப் பார்த்தால் மறுநாள் தூணின் தலை ஒரு சாணுக்கு மேல் முழுகும். பாலமலையில் நான்கு நாளாக மேகம்.

"பொம்பள போட்டா துடுப்பு ஆவாதா? வருசம் பூரா மீனு திங்கறீங்களே, அது ஆரு துடுப்புல வந்துதுங்க?" என்று மாரக்காள் கேட்டாள்.

மயிலம்மாள் எழுந்தாள். அங்கமுத்துவின் பெண்டாட்டி. "மீனு வேற, மாலை வேற. இதென்ன கெண்டைக்கு வலை உடற வேலையா?"

"அலை ஒண்ணுதானே மயிலக்கா. மீனுக்கு வந்தவ, சாமிக்கு வந்தவன்னு அதுக்குத் தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. காளியண்ணன் கையைக் காட்டி அடக்கினார். "அங்கமுத்து ஆம்பள, முன்னால போகட்டும். மாலை நின்னா உரிமை அவனுக்கு. நிக்கலீன்னா மாரக்கா போகட்டும். ஆருக்கும் கொறையில்ல."

எங்களுக்கு அது குறைதான். ஆனால் மாரக்காள் தலையாட்டினாள். பிறகு அங்கமுத்துவைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இந்த வருசம் வெள்ளை விழுகற எடம் தூணில்ல. தூணு அதுக்கு இக்கட்ட, கரைப் பக்கமா இருக்குது. வெள்ளையப் பாத்துப் போயராத."

"பின்ன வெள்ளை எங்கிருந்து வருதாம்?"

"எங்க கல்லுல இருந்து."

இதை விளக்க வேண்டும். அதற்கு முந்தின இரண்டு கோடையிலும் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போய்விட்டது. வற்றிய நிலத்தில் ஆளுக்கொரு துண்டு உழுது கம்பும் எள்ளும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களுக்கு வாய்த்த துண்டு தூண் பாறைக்கு மேற்கே இருந்தது. ஏர் இறங்கினால் கல், மண்வெட்டி இறங்கினால் கல். மாரக்காள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் சுமந்து, அந்தத் துண்டின் மேற்கு ஓரத்தில் ஆடுகூட ஏறாத ஒரு பாறை மேட்டில் கொட்டினாள். நானும் கொட்டினேன். இரண்டு கோடையில் அந்தக் குவியல் ஆள் உயரத்தைத் தாண்டியது. காற்று வருவது மேற்கே இருந்து. அந்த ஆடியில் தண்ணீர் ஏறியபோது, முன்பெல்லாம் தூண் பாறையில் வந்து உடைந்த அலை, அதற்கு முன்பே எங்கள் குவியலில் உடைந்தது. நாங்கள் தினமும் வலை விட்டுத் திரும்பும்போது பார்த்தோம். கரையில் நின்றவர்களுக்கு வெள்ளைதான் தெரியும். அடியில் இருப்பது தெரியாது.

அங்கமுத்து இடுப்பில் கை வைத்துச் சிரித்தான். காளியண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கூடையில கொட்டுன கல்லு அணைத் தண்ணிய ஒடைக்குமா அம்முணி?"

"அணையே கூடையில கொட்டுன கல்லுதானுங்களே" என்றாள் மாரக்காள்.

ஆனால் யாரும் நம்பவில்லை.

மறுநாள் மேகம் பாலமலையின் பாதி வரை இறங்கியிருந்தது. பூஜை முடிந்து மாலை கைக்கு வருவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. அங்கமுத்து துடுப்புப் பிடித்தான், அவன் மைத்துனன் மயில்சாமி மாலையோடு உட்கார்ந்தான். அங்கமுத்து நல்ல துடுப்புக்காரன்தான், அதில் சந்தேகம் இல்லை. நேராகப் போனான். நேராகத் தூணைத் தாண்டிப் போனான். வெள்ளையை நோக்கியே போனான்.

"அய்யோ, தாண்டிட்டான்" என்று மாரக்காள் என் தோளைப் பிடித்தாள். பிறகு கையைக் குவித்து, "அண்ணா, திரும்பிக்கோ! திரும்பிக்கோ!" என்று கத்தினாள். எதிர்க்காற்றில் அது எங்கே போய்ச் சேரும்?

பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. உடைகிற அலை அதன் ஒரு பக்கத்தைத் தூக்கினால் பம்பரமாகச் சுற்றும். அங்கமுத்துவின் பரிசல் சுற்றியது. ஒரு அலை, பின்னால் இன்னொன்று. மயில்சாமி விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு என் முதல் நாள் ஞாபகம் வந்தது. கட்டிப்பிடிக்க இரண்டு கை வேண்டும், மாலையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. பரிசல் பாதித் தண்ணீரோடு கரைக்கு ஒதுங்கியது. அதற்கு முன்பே மாலை வந்து சேர்ந்துவிட்டது. மயிலம்மாளின் காலடியில் வந்து ஒதுங்கியது.

பொங்கல் பானைகள் வரிசையாகப் பற்றவைக்காத விறகின் மேல் உட்கார்ந்திருந்தன. பசித்த குழந்தைகள் அழுதன.

பூசாரி வேறு வழியில்லாமல் அம்மன் கழுத்துக்கு வைத்திருந்த அரளி மாலையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். மாரக்காள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமனின் துடுப்பை எடுத்தாள்.

"காத்து எச்சா ஆயிருச்சு புள்ள. கொஞ்சம் அடங்கட்டும்" என்றார் காளியண்ணன்.

"வேண்டாமுங்க. அடங்கிட்டா தூணு தெரியாது."

எனக்கே அது அப்போது புரியவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

அவள் நேராகப் போகவில்லை. தெற்கே ஒதுங்கி, அலை உடையாத ஆழத்தில் பெரிய சுற்றாகச் சுற்றிக்கொண்டு போனாள். கரையில் கத்துகிறார்கள், கை காட்டுகிறார்கள். அவள் கண் கரையிலேதான் இருந்தது, ஆனால் மனிதர்களைப் பார்க்கவில்லை. கோயில் கலசம் மெல்ல நகர்ந்து, கரைப் புளியமரத்தின் கவட்டையில் வந்து நின்றதும் துடுப்பை நிறுத்தினாள்.

"மாமா, எங்க நிக்கறோம்னு தெரியுதுங்களா?"

தெரிந்தது. அந்தக் கவட்டைக்குள் கலசத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கோடை நாங்கள் கஞ்சி குடித்திருக்கிறோம். "நம்ம கம்பங்காடு" என்றேன்.

"ஆமா. காட்டுக்கு மேல உக்காந்திருக்கறோம்."

எங்களுக்கு மேற்கே எங்கள் கல் குவியலில் அலை வெள்ளையாக உடைந்து இரைந்தது. உடைந்த பிறகு வருவது வெறும் ஆட்டம். நுரை பரிசலைச் சுற்றிப் போனது, உள்ளே ஒரு கை தண்ணீர்கூட விழவில்லை. அவள் துடுப்பை மேற்குப் பக்கம் ஊன்றிப் பிடித்து, பரிசலைப் பின்னாலேயே நழுவவிட்டாள். அலை எங்களைத் தூணை நோக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனது.

"அலை கூட்டமா வரும் மாமா. கடைசியா வாரது பெருசு. அது போன கையோட தண்ணி உள்வாங்கும். அப்பத்தான் ஆத்தா தலை காட்டுவா. நான் சொன்ன பொறகு போடுங்க, வலை உடறாப்பலயே."

செந்தண்ணீருக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பெரிய ஆட்டம் எங்களைத் தூக்கி இறக்கியது. நான் கையை ஓங்கினேன்.

"இருங்க! இதில்ல."

அடுத்தது வந்தது. அதற்கும் அடுத்தது. அது அவ்வளவு கல்லிலும் உடைந்தும்கூட எங்கள் தலைக்கு மேல் நின்றது. பரிசல் ஏறியது, சாய்ந்தது, அவள் முழங்காலில் நின்று துடுப்பைப் புரட்டினாள். இறங்கும்போது தண்ணீர் விலகியது. கைக்கெட்டும் தூரத்தில் கறுப்பாக, பாசி வழிய, தூணின் தலை மேலே வந்தது.

"போடுங்க!"

வலை விட்டுப் பழகிய கை. மாலை விரிந்து போய் விழுந்தது. உடனே தண்ணீர் மூடிக்கொண்டது. பரிசல் தூணைத் தாண்டி நழுவியது. இருவரும் திரும்பிப் பார்த்தோம். மஞ்சள் அரளி தண்ணீருக்கு மேல் விரிந்து, அலையோடு கிழக்கே சாய்ந்தது. அடுத்த ஆட்டத்தில் பின்னால் சாய்ந்தது. ஆனால் இடம் மாறவில்லை. சுற்றிலும் எல்லாம் கரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் நின்றது.

மாரக்காள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். கரையில் குலவைச் சத்தம் கேட்டது. காற்றில் அது எங்களுக்கு வந்து சேர்ந்ததா, வாய் அசைவதைப் பார்த்து நானாகக் கேட்டுக்கொண்டேனா, இன்றும் சொல்லத் தெரியவில்லை. புகை கிளம்பியது நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு பானையின் கீழும்.

கரையேறியபோது அங்கமுத்து ஈர வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கி வந்து பரிசலை இழுத்தான். மாமனின் துடுப்பை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவானோ என்று பார்த்தேன். அவன் நேராக எங்கள் வீட்டுக்குப் போய், மாமன் மாட்டும் அதே ஆணியில் அதை மாட்டிவிட்டு வந்தான்.

"அடுத்த கோடைக்கு இன்னும் ரெண்டு வண்டி கல்லுப் போடு புள்ள. எனக்குத்தான் மானம் போச்சு, ஆத்தாளாச்சும் நிம்மதியா நிக்கட்டும்" என்றான்.

"வண்டி நீ கட்டு அண்ணா, கல்லு நான் போடறேன்."

அதற்குப் பிறகு எண்பதுகள் முழுவதும் மாலைப் பரிசலுக்கு அவள்தான் துடுப்பு. தண்ணீர் வற்றும் கோடைகளில் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களும் தங்கள் கல்லை அந்த மேட்டில்தான் கொண்டுவந்து கொட்டினார்கள். அங்கமுத்துவின் வண்டியும் வந்தது. பரிசல்காரர்கள் அந்த இடத்துக்கு மாரக்கா மேடு என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் துடுப்புப் போட்டு ஒருதரம்கூடப் பார்த்திராத பையன்கள் இப்போது செல்போனில் "மாரக்கா மேட்டுக்கு இக்கட்ட நிக்கறேன்" என்று பேசுகிறார்கள். நான் பக்கத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்வதில்லை.

அணையில் அலை எங்கே வேண்டுமானாலும் எழும். ஒரு அலையைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கட்டியவள் என் மனைவி.

இன்று காலைப் பேப்பரில் தொண்ணூறேகால். வரத்து கூடிக்கொண்டிருக்கிறது. பாலமலையில் மேகம் உட்கார்ந்திருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் காற்று வரும். மேட்டில் வெள்ளை விழும், தூண் பக்கம் சும்மா இருக்கும்.