ஆள் இருக்கும் பக்கம் போன நூலகம்

புதிய பொது நூலகம் திறந்த இரண்டாவது மாதத்தில் நகரத் தொடங்கியது. பாதி விரித்த விசிறி போல வெள்ளைக் கான்கிரீட்டும் கண்ணாடியுமாக ஆற்றங்கரையில் நின்ற அந்தக் கட்டடத்தை வெளியூர்க்காரர்கள் வந்து போட்டோ எடுத்துப் போவார்கள். காலையில் கட்டடத்துக்கு முன்னால் தெரிந்த விளக்குக் கம்பம் மதியம் பின்னால் போயிருந்ததை அவர்களில் ஒருவர்தான் முதலில் கவனித்தார். கட்டடக் கலைஞரைக் கேட்டதற்கு, அஸ்திவாரத்தில் குறை எதுவும் இல்லை, போகத் தோன்றியிருக்கிறது, போகிறது என்றார். உள்ளே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுழன்று ஏறும் சரிவுப்பாதையில் நடந்தவர்கள் மட்டும் படகில் போவது போல லேசாக ஆடியது என்றார்கள். தெருக்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு மருந்துக்கடை தன்னை அரையடி உள்ளே இழுத்துக்கொண்டது. கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருந்த பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஓர் ஓட்டுநரம்மா இருந்தாள். நகரப் பேருந்து ஓட்டியவள். நூலகம் ஒவ்வொரு மாடியாக எழும்பியதை ஸ்டியரிங் பிடித்தபடியே பார்த்தவள், திறக்கும் அன்றே உள்ளே போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அதற்கு முந்தின வாரம் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் சக்கர நாற்காலியை விட்டு எழவில்லை. நடைப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை இரண்டாம் நாளே விரட்டிவிட்டாள். சாவிக்கடை வைத்திருந்த கணவர் கெஞ்சினார், கோபித்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அழுதும் பார்த்தார்.

"நாலு படி மட்டும் இறங்கிப் பாரேன்."

"விழுந்தது நீங்களா நானா? பேசாம இருங்க."

ஒரு மதியம் அவர் சாப்பிட வந்தபோது வீடு மங்கலாக இருந்தது. நூலகம் பால்கனியை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. அதன் மூன்றாம் மாடிக் கண்ணாடிக் கதவு இவர்கள் வீட்டுத் தரைக்குச் சரிமட்டமாக வந்திருந்தது. அவர் பால்கனிக் கம்பியைக் கழற்றி, கட்டில் பலகையைப் போட்டு, நாற்காலியை உள்ளே தள்ளினார். மேசையிலிருந்த நூலகர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"வாசல் கீழே இருக்கும்மா."

"நான் மேல இருக்கேனே!"

நூலகருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அட்டை எழுதிக் கொடுத்தார். அந்த மழைக்காலம் முழுவதும் ஓட்டுநரம்மா வீட்டுக்கும் நூலகத்துக்குமாகப் பலகையில் போய்வந்தாள். பயணக் கதைகளை முடித்துத் துப்பறியும் கதைகளுக்கு வந்தாள். கணவரோடு மறுபடி சிரித்துப் பேசினாள். ஒரு பெரிய நாவலின் இரண்டாம் பாகத்தை முடித்து, கொலைகாரன் யாரென்ற தவிப்போடு அவள் பால்கனிக்கு வந்த காலையில், நூலகம் கிளம்பிவிட்டது. பலகை ஏற்கெனவே கீழே விழுந்து கிடந்தது. பல வருடம் தன் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தவர்கள் கத்தியதை அன்று அவளே கத்தினாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! ஆள் வருது!"

அது நிற்கவில்லை. அவளும் அதன் பிறகு நிற்கவில்லை. ஒரு கை சுவரிலும் ஒரு கை கணவரின் தோளிலுமாக, கட்டடத்தையும் அதைக் கட்டியவர்களையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மூன்று மாடியும் இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் கணவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பேசாமல் கூடவே நடந்தார். முனையில் திரும்புவதற்காக நூலகம் வேகத்தைக் குறைத்தபோது இருவரும் வாசல் வழியே ஏறிக்கொண்டார்கள். நடுக்கூடத்தில் நின்று அவள் அண்ணாந்தாள். மாடிக்கு மேல் மாடியாக வெள்ளை வளைவுகள், அவற்றுக்கு மேலே கண்ணாடிக் கூரை, அதில் மெதுவாக நகரும் மேகம். இடுப்பு விண்விண்ணென்று வலித்தது.

"இவ்ளோ பெருசாங்க இது?" என்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கொலைகாரன் தோட்டக்காரனின் தம்பி என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது.

நூலகம் பிறகு சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டை ஒட்டிப் பல நாள் நின்றது. அங்கே யாருக்காக நின்றது என்று யாரும் விசாரிக்கவில்லை. ஓட்டுநரம்மா கோடையில் வேலைக்குத் திரும்பினாள். இப்போதும் பேருந்தில் ஏறும் வெளியூர்க்காரர்கள் இது நூலகம் போகுமா என்று கேட்கிறார்கள்.

"போகும், ஏறுங்க. எங்க இருக்குன்னு வழியில பாத்துக்கலாம்."