வெண்டல் பாதியில் விட்ட டிரெய்லர்

பக்கத்து வீட்டு வெண்டல் அந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்த அன்றே, இதை இவர் முடிக்கப்போவதில்லை என்று நினைத்தேன். சரக்கு ஏற்றும் சாதாரண வெள்ளைத் தகரப் பெட்டி. ஏழடி அகலம், பதினாறடி நீளம், பின்னால் இரட்டைக் கதவு. முன்பு யாரோ அதில் புல்வெட்டும் இயந்திரங்களை ஏற்றித் திரிந்திருக்கிறார்கள். உள்ளே கால் வைத்தால் பெட்ரோலும் காய்ந்த புல்லும் சேர்ந்து ஒரு நாற்றம். அதை வீடாக்கி, கூரையில் சோலார் பலகை போட்டு, குளிருக்குப் பாலைவனம் கோடைக்கு மலை என்று அவரும் மனைவி லவானும் சுற்றி வாழ்வதாகத் திட்டம். நியூ மெக்சிகோவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து இப்படிக் கிளம்பியவர்கள் பலர் உண்டு. ஆனால் வெண்டல் எதையும் ஆசையாகத் தொடங்கி, பாதியில் அடுத்ததற்குத் தாவுகிறவர்.

இந்த முறை அவர்மேல் குறை சொல்ல வழியில்லை. ஜனவரியில் ஒரு காலை, தெருமுனைத் தபால் பெட்டிவரை போனவர் அங்கேயே சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

லவானுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் உழைத்துவிட்டு டிசம்பரில்தான் வேலையை விட்டிருந்தாள். மார்ச் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்வதாக இருவரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் வேறொரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. டெக்சாஸில் இருக்கும் அக்கா, "இங்க வந்துடு" என்றாள். சரி என்று சொன்ன லவான், மறுநாள் காலை என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அவ வீட்டுக் கடைசி ரூம்ல உக்காந்து, அவ போடுற டிவியைப் பாத்துக்கிட்டு... என்னால முடியாது. டிரெய்லரை முடிச்சிடலாம்னு பாக்குறேன்."

"யாரு முடிக்கிறது?" என்றேன்.

அவள் வெண்டலின் குறிப்பு நோட்டை விரித்துக் காட்டினாள். மின் இணைப்புக்கு ஒரு கோணல் படம், நாலைந்து கேள்விக்குறி, கீழே "ஆர்டித்தைக் கேட்கணும்" என்று ஒரு வரி. அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்த பக்கத்தில் அடிக்கோடு போட்டு.

ஆர்டித், வெண்டலின் முதல் மனைவி. தொலைபேசிக் கம்பங்களில் ஏறி முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொலராடோவில், நானூறு மைல் தள்ளி இருந்தாள். அவர்கள் பிரிந்து கால் நூற்றாண்டு ஆகிறது. லவான் அவளைப் பார்த்தது ஒரே தடவை, வெண்டலை அடக்கம் செய்த அன்று. கை குலுக்கினார்கள், அவ்வளவுதான்.

என் வீட்டிலிருந்தே போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. லவான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஆர்டித் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்: "அந்த ஆளு செத்த பிறகும் எங்கிட்ட வேலை வாங்குறானா?"

"மன்னிச்சிடுங்க. நான் வேற யாரையாவது..."

"கம்பி வாங்கி வச்சிருக்கானா? எத்தனாம் நம்பர்?"

லவான் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "பதினாறுன்னு போட்டிருக்கு."

"ஏம்மா, அது கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்குப் போடுற கம்பி. பேட்டரியில அதை மாட்டுனா டிரெய்லரோட சேந்து நீயும் எரிஞ்சு போவ. எதையும் தொடாத. வியாழக்கிழமை வர்றேன்."

சொன்னபடி வந்தாள். பிக்கப் வண்டி நிறைய கருவிப்பெட்டிகள். அறுபத்தாறு வயது, ஒல்லி, குட்டையாக வெட்டிய நரைமுடி. வந்ததும் காபிகூடக் குடிக்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குள் போனாள். அரை மணி நேரம் உள்ளேயிருந்து முனகலும் திட்டும் வந்துகொண்டிருந்தன. வெண்டல் குளிரைத் தடுக்கச் சுவருக்கு ஃபோம் பலகையை அறைந்திருந்தார், ஆனால் இடுக்குகளை அடைக்கவில்லை. ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, ஒட்டுப்பலகை ஓரமெல்லாம் கறுத்திருந்தது. ஜன்னலுக்காக வெட்டிய ஓட்டை ஜன்னலைவிட இரண்டு அங்குலம் பெரிது.

"அளக்குறதுக்கு முன்னாடியே வெட்டியிருக்கான்," என்றாள் ஆர்டித், ஓட்டை வழியாகத் தலையை நீட்டி. "எங்க கல்யாணத்துலயும் இதேதான்."

லவானுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "அவரு ஆசையாத்தான் செஞ்சாரு," என்றாள்.

"அதை யாரு இல்லேன்னா?"

மறுநாளிலிருந்து வேலை மளமளவென்று நடந்தது. சுவரைப் பிரித்தார்கள், இடுக்குகளை அடைத்தார்கள், மறுபடி மூடினார்கள். ஆர்டித் கூரைமேல் தவழ்ந்து இரண்டு சோலார் பலகைகளைப் பொருத்தினாள். கீழே நின்று திருகாணி எடுத்துக் கொடுத்த லவான், மூன்றாம் நாள் தானே ஏறினாள். பெருவிரல் தடிமன் கம்பி வந்தது. பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் வந்தது. நான் மதியத்துக்குப் பச்சை மிளகாய் போட்ட பன்றிக்கறிக் குழம்பும் டார்ட்டியா ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பேன். டிரெய்லரின் பின்கதவில் கால் தொங்கப்போட்டுச் சாப்பிடுவார்கள்.

இரும்புக் கடையில் ஒருநாள், கல்லாவில் இருந்தவர், "நீங்க அக்கா தங்கச்சியா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல," என்றாளாம் ஆர்டித். "ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்ட ஏமாந்தவங்க."

வெண்டல் போன பிறகு லவான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். கடை வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டி வந்தது என்று என்னிடம் சொன்னாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கட்டில். வெண்டல் முழுதாக முடித்திருந்தது அது ஒன்றுதான். பின்பக்கம் குறுக்காக, இருவர் படுக்கிற அகலத்தில், மூலைகளை இழைத்து, எண்ணெய் தேய்த்து, அழகாகவே செய்திருந்தார்.

"வீட்டுல மூணுல ஒரு பங்கை இது முழுங்குது," என்றாள் ஆர்டித். "ஒத்தை ஆளுக்கு எதுக்கு?"

"அதுல கை வைக்காதீங்க."

"நீ நடக்கவே இடம் இல்லம்மா."

"கை வைக்காதீங்கன்னு சொன்னேன்."

ஆர்டித் அத்தோடு விட்டுவிட்டாள். இரண்டு நாள் கட்டிலைச் சுற்றியே வேலை நடந்தது.

மார்ச் மூன்றாம் வாரம் டிரெய்லர் ஓடுகிற நிலைக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, ஆர்டித்தின் வண்டியில் மாட்டி, நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கக் கிளம்பினோம். நான் பின் சீட்டில். ஐம்பது மைல் வேகம் வந்ததும் டிரெய்லர் நாய் வாலைப் போல ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால் ஒருமுறை இடப்பக்கம் தெரிகிறது, ஒருமுறை வலப்பக்கம். லவான் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்தாள். ஆர்டித் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரை மட்டும் மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, ஆட்டம் அடங்கும்வரை ஓட்டினாள். பிறகு ஓரங்கட்டி நிறுத்தினாள்.

மாட்டுத்தீவனக் கடையில் லாரி எடை போடும் மேடை உண்டு. அங்கே போய் எடை பார்த்தோம். டிரெய்லர் ஆடாமல் வர, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்கொக்கியில் அழுத்த வேண்டும். இங்கே அதில் பாதிகூட இல்லை. காரணம் தேடவே வேண்டியதில்லை. நாற்பது கேலன் தண்ணீர்த் தொட்டியை வெண்டல் கடைக்கோடியில், கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். தொட்டியை முன்னால் கொண்டுபோனால், முன்னால் இருக்கும் அடுப்பும் அலமாரியும் பின்னால் நகர வேண்டும். அதற்கு இருந்த இடம் கட்டில் பிடித்துக்கொண்டிருந்த இடம்தான்.

வீடு திரும்பினோம். வாசலில் ஆர்டித் சொன்னாள்: "வேற வழி ஏதாவது இருக்கான்னு நாளைக்கு யோசிக்கிறேன்."

"இல்ல," என்றாள் லவான். "ரம்பம் எங்க இருக்கு?"

அவளே உள்ளே போனாள். மெத்தையைத் தூக்கி வெளியே போட்டாள். அளந்தாள். மறுபடி அளந்தாள். பென்சிலால் கோடு கிழித்துவிட்டு, ரம்பத்தைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். ஆர்டித் எதிர்ப்பக்கம் போய் மண்டியிட்டு, பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் கால் எப்பவும் ஐஸ் கட்டியா இருக்குமே," என்றாள் பலகையைப் பார்த்துக்கொண்டே. "உன்மேலயும் கொண்டுவந்து வைப்பானா?"

லவான் ரம்பத்தைக் கோட்டில் வைத்தாள். பிறகு, "ஆகஸ்ட் மாசத்துல கூட," என்றாள்.

"சாக்ஸ் போட்டுக்கடான்னா கேக்க மாட்டான்."

"சாக்ஸ் போட்டா தூக்கம் வராதாம்."

"எனக்கு வராம போனதைப் பத்தி அவன் கவலைப்படல."

லவான் சிரித்தாள், சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது, அழுதுகொண்டே ரம்பத்தை ஓட்டினாள். கோடு கொஞ்சம் வளைந்துதான் போனது. ஆர்டித் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெட்டி முடித்ததும் மரத்தூளைத் தட்டிவிட்டு, "நல்லா பிடிச்ச," என்றாள் லவான். அதுவரை நீங்க, வாங்க என்றே பேசிக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து ஒருமைக்கு வந்துவிட்டாள்.

அடுத்த முறை எடை சரியாக இருந்தது. டிரெய்லர் பின்னால் சமர்த்தாக வந்தது.

மிச்சமிருந்தது லவான் வண்டி ஓட்டப் பழகுவது. முன்னால் போவதில் சிரமமில்லை. பின்னால் எடுப்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. கால்நடைச் சந்தை நடக்கும் மைதானத்தில் பீப்பாய்களை வைத்துப் பழக்கினாள் ஆர்டித்.

"ஸ்டியரிங்கைக் கீழ பிடி. பின்பக்கம் எங்க போகணுமோ அந்தப் பக்கம் கையை நகத்து. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு நீ எத்தனை தடவை சொல்லுவ?"

"நீ எத்தனை பீப்பாயைத் தள்ளுவ?"

பதினொன்றைத் தள்ளினாள். பன்னிரண்டாவது நிமிர்ந்து நின்றது. அதற்கு என்னைக் கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொன்னார்கள்.

மார்ச் முப்பதாம் தேதி லவான் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, வெண்டலின் பழைய பிக்கப்பில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேற்கே கிளம்பினாள். அரிசோனா எல்லைவரை ஆர்டித் தன் வண்டியில் பின்தொடர்ந்து போய், அங்கே ஒரு பெட்ரோல் பங்கில் கை காட்டிவிட்டு வடக்கே திரும்பினாளாம். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லையா என்று பிறகு போனில் ஆர்டித்திடம் கேட்டேன். "அவ டயர்ல காத்து பாத்தேன்," என்றாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. லவான் குளிர்காலத்தில் அரசாங்கப் பொதுநிலத்தில், விதிப்படி இரண்டு வாரத்துக்கு ஒரு இடமாக நகர்ந்துகொண்டிருப்பாள். கோடையில் மலைமேல் ஒரு முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போன வசந்தத்தில் ஆர்டித் படியில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். சேதி தெரிந்த மூன்றாம் நாள் லவான் டிரெய்லரோடு அவள் வீட்டுக் கொல்லையில் போய் நின்றாள். குறுகலான வேலிக்கதவு வழியாகப் பின்னாலேயே எடுத்து, ஒரே முயற்சியில்.

ஆறு வாரம் இருந்தாள். சமைத்துப்போட்டு, குளிக்க வைத்து, மருத்துவர் சொன்ன பயிற்சிகளைத் திட்டித் திட்டிச் செய்ய வைத்து. நான் பார்க்கப் போயிருந்தபோது ஆர்டித் என்னிடம் புகார் வைத்தாள்.

"வீட்டுல ரெண்டு ரூம் காலியா கிடக்கு. மெத்தை இருக்கு, ஹீட்டர் இருக்கு. இவ பாட்டுக்கு ராத்திரியானா கொல்லைக்குப் போயிடுறா. நீயாவது சொல்லு."

"என் வீடு அங்க இருக்கும்போது நான் எதுக்கு இன்னொருத்தர் வீட்டுல தூங்கணும்?" என்றாள் லவான், அடுப்பிலிருந்து பிஸ்கட் தட்டை இறக்கியபடி.

ஆர்டித் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நடைக்கோலை ஊன்றக் கற்றுக்கொண்டதும் தினமும் காலையில் அவளே கொல்லையைக் கடந்து டிரெய்லருக்குக் காபி குடிக்கப் போக ஆரம்பித்தாள். வாசற்படி அவளுக்கு உயரமாக இருந்தது. லவான் ஒரு மதியம் உட்கார்ந்து, அதற்குக் கீழே இன்னொரு படி செய்து வைத்தாள்.