சின்ன விளக்கு மட்டும்

மலையுச்சி வானாய்வகத்தின் கேட் காவலருக்கு எல்லாரும் வைத்த பெயர் 'இருட்டு'. வைத்ததில் தப்பே இல்லை. பொழுது சாய்ந்தால் மேலே தொலைநோக்கிகள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். கேட்டிலிருந்து கீழே மூன்று வளைவு தாண்டும்வரை எந்த வண்டியும் பெரிய விளக்கைப் போடக்கூடாது. சின்ன விளக்கு மட்டும். டைரக்டரின் காரையே ஒரு தடவை நிறுத்தி அணைக்க வைத்தவர் அவர். அந்தக் கதையைச் சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டார்.

மூடுபனி வந்தால் மட்டும் விதி தளரும். பனியில் தொலைநோக்கிக்கு ஒன்றும் தெரியாது, கண்ணாடியும் நனைந்துவிடும் என்று கூரையை மூடிவிடுவார்கள். "மூடியாச்சு" என்று மேலிருந்து போன் வரும். அவர் நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, வண்டிகளைப் பெரிய விளக்கோடு விடலாம்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்வது அவருடைய ஒரே மகள். அவர்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டியது மருமகன். அவன் போய்ச் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது.

அவன் போன அன்று மாலை ஆறு பத்துக்குப் போன் வந்தது. குறித்துக்கொண்டார். ஆறரைக்கு மருமகன் காலி வேனோடு, பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தான். "மருமகன்னா மட்டும் இருட்டுக்குக் கண்ணு தெரியாது" என்று கேன்டீனில் யாரோ கிண்டலடித்தது நாலு நாளாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. முன்னால் போய் நின்று பானட்டில் தட்டினார்.

"அணைங்க மாப்பிள்ளை."

"மாமா, மேல மூடிட்டாங்களே. ரோடே தெரியல."

"எல்லாம் எனக்குத் தெரியும். அணைங்கன்னா அணைங்க."

மாமனாரின் வீம்பு அவனுக்குப் பழக்கம். சிரித்துக்கொண்டே அணைத்தான். பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. நாலு பேர் பார்த்திருந்தாலாவது ரோஷம் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது வளைவில் வேன் பள்ளத்தில் போய்விட்டது.

நோட்டில் குறித்திருந்த '6'இன் தலையை வளைத்து மூடினால் '8'. ஒரு கோடுதான், இழுத்துவிட்டார். விசாரணைக்கு வந்தவர் நோட்டைப் பார்த்தார், எட்டு பத்துவரை விதி விதிதானே என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். மேலே ஏறிப்போய் யாரையும் கேட்கவில்லை.

மகள் நம்பினாள். "நீங்க என்னப்பா பண்ணுவீங்க? போன் வரலையே" என்று அவருக்கே ஆறுதல் சொல்லி, தட்டில் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. சாகவும் துணிச்சல் வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை.

இன்றைக்கும் பனி. ஐந்தே முக்காலுக்கே போன் வந்துவிட்டது. புது டிரைவரின் வேன் பெரிய விளக்கோடு இறங்கிப் போனது. அதற்குப் பிறகு மகள் செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி நடந்து வந்தாள். அவர்கள் குடியிருப்பு மூன்றாவது வளைவுக்குக் கீழே.

"வேன்ல போகலையாம்மா?"

"ஒருத்தர் கேட்டாரு, வருஷத்துல எத்தனை நாள் மூடுவீங்கன்னு. எனக்குத் தெரியல. மேல கூரை மூடுற நேரம் எழுதுற நோட்டை எடுத்து எண்ணினேன்."

அவர் கை தானாகவே மேஜைமேல் கிடந்த தன் நோட்டை மூடியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு டார்ச்சை அணைத்தாள்.

"ஏம்மா அணைச்சே? போட்டுக்கோ. மூடியாச்சு."

"அன்னிக்கும் மூடித்தான் இருந்துச்சு. ஆறு பத்துக்கே."

கத்துவாள், அடிப்பாள் என்று நின்றார். அடித்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் கேட் கம்புக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், பனிக்குள் நடந்தாள். பின்னாலேயே ஓட நினைத்தவர் கேட் கம்புவரை போய் நின்றுவிட்டார். செருப்புச் சத்தம் மட்டும் முதல் வளைவைத் தாண்டிக் கேட்டது.

"வெளிச்சத்தைப் போடும்மா! கண்ணு, பள்ளம் இருக்கும்மா! போடும்மா!"

இருபது வருஷமாக அணை, அணை என்று கத்திய தொண்டை அது. இரண்டாவது வளைவில் செருப்புச் சத்தம் நின்றது. அவர் போடு, போடு என்று கத்திக்கொண்டே இருந்தார். கீழே ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை.