கடைசிப் பதினோரு நிமிடம்

வெள்ளிக்கிழமையோடு வீடியோ கடையை மூடுவதென்று முடிவாகிவிட்டது. தெரு முழுக்க ஒரு ஆன்லைன் படக் கம்பெனிக்கு மாறியிருந்தது. மாறுகிறோம் என்று கடைக்கார அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லும் மரியாதைகூட யாருக்கும் இல்லை.

புதன்கிழமை அந்த ஆன்லைன் கம்பெனியிலிருந்தே ஒரு அதிகாரி வந்து நின்றார்.

"மேடம், கலங்கரை விளக்கத்துக் கிழவர் படம் ஒண்ணு. மூலப் பிரதி எரிஞ்சு போச்சு. உலகத்துலயே உங்ககிட்ட மட்டும்தான் கேசட் இருக்காம். குடுத்தீங்கன்னா படத்துக்கு முன்னாடி உங்க கடை பேர் வரும்."

அக்காவுக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. கூடமாட இருக்கும் தம்பியை, ஐம்பது வயதுத் தம்பியை, திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டியாடா? உலகத்துலயே!"

"கேட்டுச்சு." அவன் அவள் காதோரம் குனிந்தான். "பேசாம தூக்கிக் குடுத்துடு. வாயத் திறக்காத."

விஷயம் இதுதான். பதினெட்டு வருடங்களுக்கு முன் வாடகைக்கு எடுத்துப்போன ஒரு புண்ணியவான், கடைசிப் பதினோரு நிமிடத்தின் மேல் தன் மாமனாரின் பல் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவைப் பதிந்துவிட்டார். புயலில் கப்பல் தத்தளிக்கும். அடுத்த நொடி மாமனார் ரிப்பன் வெட்டுவார்.

சொன்னால் பெயர் போச்சு. சொல்லாவிட்டால் கடையின் பெயரோடு ஒரு பல் டாக்டர் உலகம் சுற்றுவார். அக்கா சொல்லிவிட்டாள்.

அதிகாரியின் முகம் தொங்கியது. "அப்ப முடிவு தெரியாமலா இத்தனை வருஷம் வாடகைக்கு விட்டீங்க?"

"யார் சொன்னா? திருப்பிக் குடுக்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் நான்தான் சொல்லி அனுப்புவேன். உக்காருங்க."

அக்கா எழுந்தாள். அவள் வாயிலிருந்தே காற்று வீசியது. கலங்கரை விளக்கு அணைந்தது. கப்பலில் கிழவரின் மகள். கரையில் கிழவர் மேசையை எரித்தார், கட்டிலை எரித்தார், போதவில்லை, வீட்டுக்கே தீ வைத்தார். தீயைப் பார்த்துக் கப்பல் கரைக்குத் திரும்பியது. மகள் வந்து நின்றபோது மிச்சம் ஒரு நாற்காலி. அதைத் துடைத்து, "உக்காரும்மா" என்றார் கிழவர். பின்னணி இசையும் அக்காவே.

ஆயிரம் தடவை கேட்ட தம்பி அலமாரிப் பக்கம் திரும்பி, இல்லாத தூசியைத் தட்டினான். அதிகாரி மூக்கை உறிஞ்சினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. கேமரா போடறேன்."

"முதல்லயே போடறதுக்கென்ன?"

இரண்டாம் முறை அலை இன்னும் பெரிதாக அடித்தது. பதிந்ததை அதிகாரி அங்கிருந்தே மேலிடத்துக்கு அனுப்பினார். பதினைந்து நிமிடத்தில் போன் வந்தது. கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"படத்தை எடுத்துக்கறாங்க. கப்பல் தத்தளிக்கிறவரைக்கும் கேசட், அப்புறம் நீங்க. கடை பேர் முன்னாடி வரும். உங்க பேர் கடைசியில போடட்டுமாக்கா?"

"எதுக்கு? அங்கதான் நானே வர்றேனே!"