எந்தச் சித்தப்பா?

எங்கள் வீட்டில் சில மாதங்கள் ‘பரீட்சை’ என்ற சொல்லுக்குத் தடை இருந்தது. தடை போட்டவள் என் மனைவி. முதலில் மீறியவன் நான். சாப்பிட உட்கார்ந்திருந்தோம். “பரி…” என்று ஆரம்பித்தேன். மகள் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். “பரிமாறட்டுமா” என்று கேட்கத்தான் வந்தேன் என்று மூடிய கதவிடம் விளக்கினேன். உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

“இனிமே ‘போடட்டுமா’ன்னு கேளுங்க,” என்றாள் மனைவி. “பரிசு, பரிதாபம், எதுவும் வேணாம்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரைப் பார்த்தும் பரிதாபப்படவில்லை.

மகளுக்கு அப்போது பதினாறு வயது. அரையாண்டுக் கணக்குத் தேர்வில் கேள்வித்தாளைத் திருப்பியவுடன் கை மரத்து, மூச்சு அடைத்து, பேனாவைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டாள். பள்ளி நர்ஸிடம் தனக்கு மாரடைப்பு என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸ் எனக்குப் போன் செய்து, “இதயம் நல்லா இருக்கு சார், பொண்ணுதான் நல்லா இல்ல,” என்றார். அதற்குப் பிறகு சீருடையைப் பார்த்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். மருத்துவர் இதைக் கடுமையான பதற்றம் என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்து, வாரம் ஒரு முறை ஒரு கவுன்சலரிடம் போகச் சொன்னார்.

பள்ளி பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டது. தனி அறை தருவார்கள். முடியாதபோது எழுந்து வெளியே போய்விட்டு வரலாம். கொஞ்சம் கூடுதல் நேரமும் உண்டு. ஆனால் வருடக் கடைசிக் கணக்குத் தேர்வை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

“இன்னொரு வருஷம்னா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்,” என்றாள் மகள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்போம். மழை வரும் என்பதுபோல் சொன்னாள். அதனால்தான் பயந்தோம்.

நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க வாய்களோடுதான் வேலை, ஒன்றும் பேசாது. மனைவி செருப்புக் கடையில் விற்பனைப் பெண். நாள் முழுக்கப் பேச்சு. ஆகவே வீட்டில் பேசிச் சரிசெய்ய வேண்டியவை எல்லாம் அவள் இலாகா.

“அதுக்கு வேற பேர் வெச்சுடலாம்,” என்றாள் ஒரு நாள். “பேர்தானே உன்னை மிரட்டுது?”

“பல் டாக்டர்னு வெக்கலாமா?” என்றாள் மகள்.

தொழில் முறையில் நான் ஆட்சேபித்தேன்.

“சித்தப்பா,” என்றாள் மனைவி. “வருஷத்துக்கு ஒரு தடவை வர்றார். வந்ததும் கேள்வி கேக்கறார். எல்லாத்துக்கும் நம்மால பதில் சொல்ல முடியாது. அப்புறம் போயிடறார். இதுவரைக்கும் நம்ம வீட்டுல அதனால யாராவது செத்திருக்கோமா?”

பல வாரங்களுக்குப் பிறகு மகள் சிரித்தாள். என் உடன்பிறந்த தம்பியைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று நான் கேட்கவில்லை. வர்ணனை சரியாக இருந்தது.

பேர் ஒட்டிக்கொண்டது. அறிவியல் சித்தப்பா, வரலாற்றுச் சித்தப்பா, எல்லாருக்கும் மூத்தவராகக் கணக்குச் சித்தப்பா. பழைய கேள்வித்தாள்களுக்குச் ‘சித்தப்பாவோட போட்டோ’ என்று பெயர். “போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்துட்டு மூடி வெச்சுடு, போதும்,” என்பாள் மனைவி. முதலில் ஒரு நிமிடம். பிறகு ஒரு கணக்கு. பிறகு ஒரு பக்கம். கவுன்சலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “உண்மையிலேயே சித்தப்பான்னு யாராவது இருக்காங்களா?” என்றார். “இருக்கார், இந்த வருஷம் வந்துட்டுப் போயிட்டார்,” என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

விடுமுறை நாட்களில் மனைவி அவளைப் பள்ளி வாசல்வரை நடத்திக் கூட்டிப் போவாள். வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவள் கடையில் எந்தச் செருப்பையும் யாரும் போட்டு நடந்து பார்க்காமல் வாங்குவதில்லை. “நடந்து பாரு. கடிச்சா கழட்டிடலாம்,” என்பாள் மகளிடமும். வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரல். வாசலுக்குப் பிறகு வராந்தா, வராந்தாவுக்குப் பிறகு அந்தத் தனி அறையின் கதவு. காவலாளி ஒரு நாள் என்னிடம், “உங்க வீட்டம்மா இந்த இடத்தை வாங்கப் போறாங்களா?” என்று கேட்டான்.

மனைவி இப்போது இல்லை. மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். அந்த வருடம் மனைவி பேசியதெல்லாம் எனக்குச் சொல் சொல்லாக நினைவிருக்கிறது. குரல் மட்டும் சில நாட்களில் வருவதில்லை.

கணக்குச் சித்தப்பா புதன்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை என் தம்பி போன் செய்தான். அவன் அலுவலகத்தில் ஏதோ பயிற்சியாம், எங்கள் ஊரிலேயே. “நாளைக்கு வர்றேண்ணே. ஒரு வாரம் உங்க வீட்டுலதான்.” எனக்குச் சந்தோஷம். மனைவி கடையில் இருந்தாள். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவருகே போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

“பாப்பா! சித்தப்பா நாளைக்கே வர்றாராம்! முன்னாடியே வந்துடறாராம்!”

உள்ளே வாளி விழுந்தது. நான் சொன்னது என்ன என்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கதவைத் தட்டி, “அந்தச் சித்தப்பா இல்லம்மா, சித்தப்பா!” என்று திருத்தினேன். திருத்தம் உதவவில்லை.

நான் போன் செய்ததும் மனைவி கடையிலிருந்து ஓடி வந்தாள். குளியலறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

“பாப்பா, எந்தச் சித்தப்பா?”

கதவை ஒரு விரலால் தட்டினாள்.

“மீசை வெச்ச சித்தப்பாவா, வெக்காத சித்தப்பாவா?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளிருந்து, “மீசையா?”

“மீசைதான். மீசையும் சூட்கேஸுமா வர்றாராம். மத்தவர் சொன்ன மாதிரி புதன்கிழமைதான்.”

“அப்பா ஏன் அப்படிச் சொன்னார்?”

“பழக்கதோஷம். தம்பியைத் தம்பின்னு நினைச்சுட்டார்.”

தாழ்ப்பாள் விலகியது. தலையில் துண்டோடு வந்த மகள் என்னைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குத் தீ வைத்தவனை அடையாளம் காட்டும் சாட்சி தெரிந்தது. “இனிமே மீசைன்னு சேர்த்துச் சொல்லுங்க,” என்றாள்.

மீசை மறுநாள் வந்தது. மணி அடித்ததும் கதவைத் திறந்தவள் மகள். “என்ன பாப்பா, எப்படி இருக்கே? எப்படிப் படிக்கறே? அடுத்து என்ன படிக்கலாம்னு இருக்கே?” என்றான் தம்பி, ஷூவைக் கழற்றுவதற்குள். மகள் வெளுத்துப்போய்ச் செருப்பு அலமாரி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாதக்கணக்கில் ஒரு பேரில் கட்டிவைத்த பயம் எல்லாம் சூட்கேஸோடு வாசலில் நின்றது.

தம்பியைச் சமையலறைக்கு இழுத்துப் போனோம்.

“அண்ணி, நான் என்ன பண்ணேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணல. உங்க பேரை வேற ஒண்ணுக்கு வெச்சிருக்கோம்.”

“நாய் வாங்கியிருக்கீங்களா?”

“இல்ல. கணக்கு…” என்று நிறுத்தி, மனைவி விரலால் காற்றில் எழுதுவதுபோல் காட்டினாள்.

அவன் யோசித்தான். “நாய்னாகூடப் பரவாயில்ல அண்ணி.”

“கவுன்சலர்கிட்டகூடச் சொல்லிட்டோம்,” என்றேன் நான்.

“இதுக்கெல்லாமா கவுன்சிலர்கிட்ட போவாங்க? எந்த வார்டு?”

“கேள்வி கேக்கக் கூடாது,” என்றாள் மனைவி. “இந்த வீட்டுல இருக்கற வரைக்கும் ஒரு கேள்வி வரக் கூடாது.”

“நான் வேணா லாட்ஜுக்குப் போயிடட்டுமா?”

“இதோ, இதுவும் கேள்விதான்.”

லாட்ஜுக்கு அனுப்பினால் ‘சித்தப்பா போயிட்டார்’ என்று மகளிடம் சொல்ல வேண்டும். அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று தெரியவில்லை. அதனால் அவன் இருந்தான். கேள்வி இல்லாமல் பேசுவது அவனுக்கு வலது கைக்காரன் இடது கையால் சாப்பிடுவதுபோல் இருந்தது. “பாப்பா. நீ. உட்கார்ந்திருக்கே,” என்பான். “ஆமா சித்தப்பா,” என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தைக்குத் தானே திடுக்கிடுவாள் மகள். திங்கட்கிழமையிலிருந்து அவள் போட்டோவைத் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் போனோம். தம்பி ஜன்னலில் நின்று, எதுவும் கேட்காமல் கை காட்டினான்.

வாசல் தாண்டியாயிற்று. வராந்தாவும். தனி அறை என்பது பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்த ஒரு சிறிய அறை. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மூலையில் ஓவிய டீச்சர். மேஜைமேல் கேள்வித்தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் பெரிய ஹாலில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முதல் மணி அடித்துவிட்டது. இரண்டாவது மணிக்குப் பிறகு யாரையும் உள்ளே விட மாட்டார்கள். மகள் நிலைப்படியில் நின்றாள்.

“முடியாதும்மா.”

“சரி,” என்றாள் மனைவி.

“சரின்னா?”

“முடியலைன்னு சொன்னே, கேட்டுக்கிட்டேன். நின்னு பாரு.”

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் ஜன்னலைப் பார்த்தார்.

“அம்மா, உள்ள சித்தப்பா உட்கார்ந்திருக்கார்.”

“எந்தச்…”

“மீசைதான்! அதாம்மா பிரச்சனை. கணக்கை நினைச்சாலே அவர் மூஞ்சி வருது. கால்மேல கால் போட்டு உட்கார்ந்து, அடுத்து என்ன படிக்கப் போறேன்னு கேக்கறார். முன்னாடி ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப ரெண்டு ஆயிடுச்சு. எனக்கு அவர் வேணாம். பழைய பேரையே சொல்லு.”

மனைவி வாயைத் திறந்தாள். வரவில்லை. கடையில் நூறு பேரிடம் பேசுகிறவள், அந்த ஒரு சொல்லுக்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் ‘பரி’ வரை வந்து நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தோம்.

“பரீட்சை,” என்றாள் மகள், தானாகவே.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒதுங்கி வழிவிட்டோம். எதிர்பார்த்ததுதான். அவள் வராந்தாக் கோடியிலிருந்த குழாய்க்கு ஓடி வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்து, முகம் கழுவி, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நடையில் அவசரம் இல்லை.

“கணக்குப் பரீட்சை,” என்றாள், கொஞ்சம் சத்தமாக. “கணக்கு மட்டும்தான்.” உள்ளே போய் உட்கார்ந்தாள். இரண்டாவது மணி அடித்தது. டீச்சர் கதவைப் பாதி சாத்தினார்.

வராந்தாவில் பெற்றோருக்கென்று ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். மனைவி உட்காரவில்லை. பாதி சாத்திய கதவின் இடுக்கில் மகளின் முழங்கை மட்டும் தெரிந்தது. முழங்கை அசைந்தால் எழுதுகிறாள். அசையாவிட்டால் தெரியாது. மனைவி அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் மகள் இரண்டு தடவை வெளியே வந்து குழாய்க்குப் போய்விட்டுத் திரும்பினாள். எங்களைப் பார்க்கவில்லை. “உட்காரேன்,” என்றேன் ஒரு தடவை. “நீங்க உட்காருங்க,” என்றாள், நான் உட்கார்ந்திருந்தபோதே.

மதிப்பெண் பிறகு வந்தது. பாஸ், அதற்கு மேல் பெருமைப்பட எதுவும் இல்லை. தம்பிகூட எவ்வளவு என்று கேட்கவில்லை. அந்த நாளிலிருந்து என் மனதில் நிற்பது வேறு.

பெரிய ஹால் காலியாகி வெகுநேரம் கழித்துத்தான் மகள் வெளியே வந்தாள். விரலெல்லாம் மை. முகத்தில் கழுவின ஈரம் இன்னும் இருந்தது.

“ஒரு கணக்கு வரல,” என்றாள்.

மனைவி காத்திருந்தாள். போன தடவை மகள் முதல் கணக்கைப் பார்த்ததுமே எழுந்து வந்திருந்தாள்.

“மறுபடி பார்த்தேன். வரல. விட்டுட்டேன்.”

“விட்டுட்டு?”

“அடுத்ததுக்குப் போயிட்டேன்.”

மனைவி தலையை ஆட்டினாள். பிறகு பெஞ்சைக் கையால் தேடி, பிடித்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக.

“வீட்டுக்குப் போலாம்மா. பசிக்குது.”

“போலாம். இரு,” என்றாள் அவள். செருப்பு இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தாள். “கொஞ்சம் இரு.”

மகள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.