இடது ஸ்பீக்கர்

இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைத் துழாவிக்கொண்டிருந்தாள் மகள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். "அவனுக்குப் பிடிச்ச பாட்டு ஏதாவது மெதுவா வையேம்மா" என்று அத்தை கேட்டதால்தான் உள்ளறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். பாட்டு வந்தது. ஆனால் வலது பக்கம் மட்டும்.

ஒயர் கெட்டியாகத்தான் இருந்தது.

மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மென்பொருள் போட்டு, ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, அப்பாவுக்கென்று இதை உருவாக்கியவள் அவள். ஞாயிறு தவறாமல் வருவாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்பீக்கரை விரற்கடை அளவு நகர்த்திவிட்டு, "இப்ப?" என்பாள். அவர் கண்ணை மூடித் தலையாட்டுவார். "இப்பதான் குரல் சரியா நடுவுல வந்து நிக்குது." அப்பனுக்கும் மகளுக்கும் கிறுக்கு என்பார்கள் வீட்டில். சொல்லிவிட்டுப் போகட்டும். அப்பாவிடம் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

லேப்டாப்பின் ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தாள். இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகக் கலந்து வலது ஸ்பீக்கருக்கே திருப்பிவிட்டிருந்தது.

"யாருடா இதுல கை வச்சது?"

அறை வாசலில் நின்ற தம்பி, பக்கத்திலிருந்த அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள்.

"நான்தான்க்கா. அப்பாவுக்கு இடது காது சுத்தமாப் போயிடுச்சு. ரொம்ப வருஷமாச்சு. அந்தப் பக்கத்து வாத்தியம் எல்லாம் சரியாவே கேக்கலைன்னார்."

"ஞாயித்துக்கிழமை நல்லாத்தானே இருந்துது?"

"நீ வர்றதுக்கு முன்னாடி பழையபடி மாத்திடுவேன். நீ கிளம்பினதும் திரும்ப..."

இன்றைக்கு மாற்றிவைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

"அப்ப எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது."

"ஆசை ஆசையா செஞ்சியே, மனசு உடைஞ்சிடுவியேன்னு அவர்தான் சொல்ல வேணாம்னுட்டார்" என்றாள் அம்மா.

அவளுக்குத் தம்பி மேல்கூட அவ்வளவு கோபமில்லை. அந்தக் கண்ணை மூடி ரசித்த நடிப்பை நினைத்தால்தான் ஆறவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்த மனிதரிடம் இனி ஒரு சண்டைகூடப் போட முடியாது.

பாட்டை நிறுத்திவிட்டுக் கூடத்துக்குப் போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அத்தை தோளைத் தொட்டாள். அந்தக் கையை இவள் தட்டிவிட்டாள்.

அப்பா கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் மண்டியிட்டு, அவருடைய இடது காதருகே குனிந்தாள்.

"இப்ப?" என்று கேட்டாள்.