எழுபத்திரண்டு டாக்ட் ஓய்வு

பதினொன்று இரண்டு மூன்று நான்கு, பன்னிரண்டு இரண்டு மூன்று நான்கு... இவ்வளவுதான் வேலை, எழுபத்திரண்டு டாக்ட் சும்மா இருக்க வேண்டும், டாக்ட் என்றால் ஒரு தாளச் சுற்று, சுற்றுக்கு நான்கு தட்டு, முதல் தட்டுக்குச் சுற்றின் எண், எழுபத்து மூன்றாவதில் மடியிலிருக்கும் பித்தளை ஹோர்னைத் தூக்கித் தனியாக ஊத வேண்டும், ஊதியதும் எங்கோ ஒரு பாலைவனத்தில் சூரியன் இறங்கும், குதிரைக்காரன் ஒருவன் திரும்பிப் பார்க்காமல் போவான். பதின்மூன்று. பழைய கௌபாய்ப் படங்களுக்கு எழுதிய இசை, இசையாம், ஆதிரை முகத்தை அசைக்காமல் இருந்தாள். கிதார் நான்கு டாக்ட் வாசிக்கிறது, அடியில் வயலின்கள் நடுங்குகின்றன, பிறகு அதே நான்கு, பிறகும் அதே நான்கு, குதிரைக்கே அலுத்துப்போகும். ஞாயிறு காலையில் ஹனோவர்க்காரர் ஆயிரம் பேர் கௌபாய்த் தொப்பி போட்டுக்கொண்டு இதைக் கேட்க வந்திருக்கிறார்கள், போன மாதம் சிம்பனிக்குப் பாதி மண்டபம் காலி. பதினெட்டு இரண்டு மூன்று நான்கு. இசைக்குழுவுக்கும் ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள், கட்டாயமில்லை என்றார்கள், கட்டாயமில்லாததை அவள் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டாள். பக்கத்தில் இருக்கிற உல்ரிச் வீட்டிலிருந்தே சொந்தத் தொப்பி கொண்டுவந்திருக்கிறார், இறகு வைத்தது. முப்பத்தொரு வருடம் இரண்டாம் ஹோர்ன், அதற்கு மேல் ஆசைப்படாத மனிதர், ஒத்திகையில் இதே இடத்தில் கண் கலங்கினார்... மாட்டுக்காரப் பாட்டுக்கு ஒரு ஆள் அழுமா? இருபத்திரண்டு. இவருக்கும் ஒரு வாக்கு இருக்கிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்த வாக்கு. தகுதிகாண் வருடம் முடிய இன்னும் ஒரு மாதம், அதற்குள் குழுவில் எல்லோரும் கூடி இரகசியமாக வாக்குப் போடுவார்கள், வேண்டும், வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வேண்டாம் என்றால் முப்பத்து மூன்று வயதில் மறுபடியும் ஊர் ஊராகத் தேர்வுகளுக்குப் போய், முகம் தெரியாதபடி திரைக்குப் பின்னால் நின்று, இருபத்து மூன்று வயதுக்காரரோடு போட்டி போட்டு ஊத வேண்டும். ஆனால் ஏன் வேண்டாம் என்பார்கள்? ஒரு சுரம் பிசகியதில்லை. இருபத்தொன்பது இரண்டு மூன்று நான்கு. பக்கத்துப் பக்கத்து ஹோர்ன்காரருக்குள் ஒரு வழக்கம் உண்டு, நீண்ட ஓய்வில் எட்டு டாக்டுக்கு ஒருமுறை ஒருவர் முழங்காலில் விரலைத் தட்டுவார், மற்றவர் சரிபார்த்துக்கொள்வார். புதன்கிழமை உல்ரிச் தட்டினார். நன்றி, எழுபத்திரண்டு வரைக்கும் எண்ண எனக்குத் தெரியும் என்று அவள் ஜெர்மனில் மரியாதையாகத்தான் சொன்னாள். அவரும் மரியாதையாகத் தலையசைத்தார். அதற்குப் பிறகு அந்த விரல் அசையவில்லை.

முப்பத்தாறு. நான்காவது வரிசையில் அம்மா. பதினொரு மாதத்தில் முதல் தடவை வந்திருக்கிறா, படத்து மியூசிக் என்றபடியால் வந்தவ, தன் சிநேகிதி கலாதேவி அக்காவையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பேரும் பட்டுச் சேலை. வாசலில் வைத்துத்தான் அம்மா கேட்டா, பகிடியாகத்தான் கேட்டா, "எட்டு வருசம் படிச்சுப்போட்டு, ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து ரெண்டு தரம் ஊதுறதுக்கோ பிள்ளை உனக்குச் சம்பளம் தாறாங்கள்?" கலாதேவி அக்கா விடவில்லை. "சும்மா இருக்கிறதுதானப்பா கஷ்டம், உனக்கு ஏலுமே?" இரண்டு பேரும் சிரித்தார்கள். ஓம், சிரிக்கட்டும், ஓபராவின் முகப்பிசை, பெரிய ஓவர்ச்சர் வாசித்த அன்று வராதவர்கள், அன்று எந்தக் கோயிலில் என்ன பூசையோ, நாற்பத்து... நாற்பத்தொன்று. இல்லை. நாற்பத்து மூன்றா? கிதாரைக் கேட்டாள், கிதார் அதே நான்கையே வாசித்தது, எத்தனையாவது நான்கு? இதில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்புமில்லை, மணலைப் போல எங்கும் ஒரே மாதிரி. இசைநடத்துனரைப் பார்த்தாள். அவர் சபைப் பக்கம் திரும்பி நின்று, தொடையில் தட்டிக் குதிரைக் குளம்புச் சத்தம் எழுப்ப ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கோமாளி. ஐம்பது என்று வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்ட எண்ணை வைத்து எப்படி எண்ணுவது? அறுபது இருக்கலாம். உல்ரிச்சின் கையைப் பார்த்தாள், கை மடியில் அப்படியே கிடந்தது. பழிவாங்குகிறாரா? இல்லை, சொன்னதைக் கேட்டிருக்கிறார். கேட்டுத் தொலைக்காமல் இருந்திருக்கலாம். எழுபது, எழுபத்தொன்று, ஹோர்னைத் தூக்கினாள், மூச்செடுத்தாள், ஊதினாள்.

முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது, ஒரு டாக்ட் முந்திவிட்டாள். நடத்துனர் இன்னும் சபையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்த ஏலாது. முதல் வயலின்காரி தலையைத் தூக்கவில்லை, வில்லை மட்டும் அரை அங்குலம் உயர்த்தினாள், நாற்பது தந்திக் கருவிகளும் ஒரு டாக்டைத் தாண்டிக் குதித்து அவளுக்குக் கீழே வந்து நின்றன, கிதாரும் வந்தது. நடத்துனர் திரும்பியபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. உல்ரிச் இரண்டாம் வரியில் சேர வேண்டியவர், சேர்ந்தார், அவள் தவறாக இருந்த இடத்தில் மிகச் சரியாக. சூரியன் மறைந்தது. நான்காவது வரிசையில் அம்மா நிமிர்ந்து இருந்தா, அவவுக்கு ஒன்றும் தெரியாது. சபையில் யாருக்கும் தெரியாது. வாக்குப் போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

கைதட்டல். நடத்துனர் கையை நீட்டினார், அவள் எழுந்து குனிந்தாள், அப்போதுதான் காலடியில் அந்தச் சத்தம். கையில் கருவி இருப்பவர்களால் கைதட்ட முடியாது, அதனால் இங்கே தனியாக வாசித்தவருக்குச் சப்பாத்தைத் தரையில் உரசுவார்கள், சபைக்குக் கேட்காது, வாசித்தவருக்குக் கேட்கும். முதலில் உல்ரிச், பிறகு பின் வரிசை, பிறகு வயலின்கள். மெச்சுகிறார்களா? இதையா? கேலியா, ஆறுதலா, ஆறுதல் என்றால் அது கேலியிலும் மோசம்... அவள் உட்கார்ந்தாள். அடுத்ததாக நடத்துனர் செல்லோக்காரனை எழுப்பினார், தொடக்கத்தில் அவனுக்கும் எட்டு டாக்ட் தனியாக இருந்தது, எளிமையான எட்டு டாக்ட். எல்லாச் சப்பாத்துகளும் மறுபடி உரசின. பதினொரு மாதத்தில் எத்தனை பேர் இப்படி எழுந்து நின்றிருப்பார்கள் என்று யோசித்தாள், ஓபோ, புல்லாங்குழல், இதே செல்லோ, தான் யாருக்காவது ஒருமுறை காலை அசைத்ததாக நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும். இப்போது உரசினால் வாக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். அவன் இன்னும் குனிந்துகொண்டுதான் இருந்தான், அவளுடைய கால்கள் தரையில் அப்படியே இருந்தன.